ஓடுறவருக்குத் தண்டம், கோல் எடுத்தவருக்கு?

ஹெல்மட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஃபோனைச் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடுவதை எங்கள் பக்கத்தில் இப்போது சின்னப் பிள்ளைகள்கூட வேடிக்கை பார்ப்பதில்லை. அவ்வளவு சாதாரணமாகிவிட்டது. ஹெல்மட்டுக்குள் இருக்கும் பஞ்சு ஃபோனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்கும். பொலிஸ் மறித்தால் சொல்வதற்கு ஒரு பதிலும் தயாராக இருக்கும்: "கையில பிடிக்கல்லயே சேர்."

கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஃபோன் செருகிய பக்கம் ஹெல்மட் மேலே தூக்கி நிற்கும். அது உள்ளே போவதற்காகவே நாடிப் பட்டியைக் கழற்றி விட்டிருப்பார்கள். ஃபோன் விழுந்துவிடக்கூடாது என்று தலையை அந்தப் பக்கம் சாய்த்து, கழுத்தை அசைக்காமல் ஓடுவார்கள். கழுத்து அசையாவிட்டால் கண்ணாடியைப் பார்ப்பது எப்படி? சந்தியில் திரும்பிப் பார்ப்பது எப்படி? விழுந்தால், பட்டி போடாத ஹெல்மட் முதலில் கழன்று ஓடும். ஒரு கோலுக்காக, தலையைக் காப்பாற்றும் ஒரே பொருளையும் செயலிழக்க வைத்திருக்கிறோம். கை மட்டும் சுத்தமாக இருக்கிறது.

இந்தப் பதிவு அந்தக் 'கை'யைப் பற்றியது. நாங்கள் எல்லோரும் கையையே பார்க்கிறோம், சட்டமும் கையையே பார்க்கிறது என்பதுதான் என் கவலை.

எங்கள் நாட்டு வீதிச் சட்டத்தின் அடித்தளம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். அதை எழுதியவர்கள் காலத்தில் தொலைபேசி என்றால் சுவரோடு வயர் போட்டுக் கட்டிய கறுப்புப் பெட்டி. அது வண்டிக்குள் ஏறி வரும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. பிறகு பல தடவை திருத்தினார்கள், 2009இலும் பெரிய திருத்தம் ஒன்று வந்தது. இன்று ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஓடுவது குற்றம் என்று லைசன் எடுக்கப் போகிற எல்லோருக்கும் தெரியும். பொலிஸ் பிடித்தால் தண்டம் கட்டவேண்டும் என்பதும் தெரியும். தெரியாமல் செய்கிறவர்கள் இங்கே யாரும் இல்லை.

உலகம் முழுக்க இந்தச் சட்டத்தின் கதை ஏறத்தாழ ஒன்றுதான். வீதிப் போக்குவரத்துக்கான 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் 2006இல் ஒரு வரி சேர்ந்தது: ஓடும் வண்டியில் சாரதி கையில் பிடிக்கும் ஃபோனைப் பாவிப்பதை நாடுகள் தடைசெய்யவேண்டும் என்று. அங்கேயும் கையில் பிடிக்கும் ஃபோன்தான். அதற்கு முன்பே, 2003 டிசம்பரில் பிரித்தானியா தடையைக் கொண்டுவந்துவிட்டது. எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2009 ஒக்டோபரில் வந்தது.

சட்டம் ஒரு பொருளையும் ஒரு கையையும் குறிவைத்தால், மனிதர்கள் அந்தப் பொருளுக்கும் அந்தக் கைக்கும் பக்கத்திலேயே ஒரு சந்து கண்டுபிடித்துவிடுவார்கள். பிரித்தானியாவில் நடந்ததைக் கேளுங்கள். 2017இல் லண்டனில் ஒருவர் காரோடு போகும்போது வழியில் ஒரு விபத்தைக் கண்டு, அதை ஃபோனில் வீடியோ எடுத்தார். பிடிபட்டார், தண்டம் விழுந்தது, மேன்முறையீடு செய்தார். அந்த நாட்டு விதி தடைசெய்தது, ஃபோனைத் தொடர்பாடலுக்குப் பாவிப்பதை. வீடியோ எடுப்பது தொடர்பாடல் இல்லையே என்று வாதாடி, 2019 ஜூலையில் உயர் நீதிமன்றத்திலும் அவர் வென்றார். நீதிபதிகள் அவர் செய்தது சரி என்று சொல்லவில்லை. அப்படி ஓடுவது வேறு குற்றங்களுக்குள் வரலாம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் இந்தக் குறிப்பிட்ட விதியின் சொற்களுக்குள் அது அடங்கவில்லை. அந்த ஓட்டையை அடைத்துப் புது விதி வர 2022 மார்ச் வரை ஆனது.

கடலுக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் 2018 மே மாதம் இன்னொரு தீர்ப்பு. வண்டி ஓடிக்கொண்டு ஃபோனில் பேசிய ஒருவர்மீது பொலிஸ் சட்டத்தின் ஒரு பிரிவில் வழக்குப் போட்டிருந்தார்கள். பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்ததாகக் காட்டாமல், ஃபோனில் பேசியதை மட்டும் வைத்து அந்தப் பிரிவில் குற்றம் சாட்ட முடியாது, வெறுமனே பேசுவதைத் தடைசெய்யும் விதி அதில் இல்லை என்றது கேரள உயர் நீதிமன்றம். மறுநாள் பத்திரிகைகளைப் படித்தவர்களுக்கு "பேசலாமாம்" என்ற ஒரு செய்திதான் மனதில் நின்றிருக்கும். பிறகு 2019இல் இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தையே திருத்தி, ஆபத்தாக ஓட்டுவது என்ற 184ஆம் பிரிவுக்குள் கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை தண்டம், சிறைக்கும் இடமுண்டு. அடுத்த வருடமே, வழி பார்ப்பதற்கு மட்டும் கவனம் சிதறாதபடி பாவிக்கலாம் என்று ஒரு சலுகை. வழி பார்க்கிறவர் எப்போது மெசேஜ் பார்க்கிறவராக மாறுகிறார் என்று ரோட்டில் நிற்கும் பொலிஸ்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

சரி, சட்டம் கையை விட்டுவிட்டு எதைப் பார்க்கவேண்டும்? இதற்குப் பதில் வந்து கனகாலம். 1997இல் ரொறன்ரோவில் ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இரண்டு ஆய்வாளர்கள், விபத்தில் மாட்டிய 699 சாரதிகளின் ஃபோன் பில்களை எடுத்து, விபத்து நடந்த நேரத்தோடு வைத்துப் பார்த்தார்கள். ஃபோனில் கதைத்துக்கொண்டிருக்கும்போது விபத்துக்கான ஆபத்து ஏறத்தாழ நாலு மடங்கு. கையில் பிடிக்காமல் கதைத்தவர்களுக்கு ஏதாவது சலுகை கிடைத்ததா என்றும் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. 2005இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் வேறு ஒரு குழு தேடியபோதும் அதே நாலு மடங்குதான் வந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கும் அதுதான்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரேயர் என்ற பேராசிரியரின் குழு 2003இல் செய்த பரிசோதனை என்னை இன்னும் உலுக்குகிறது. ஓட்டுவதுபோல ஒரு பொறியில் ஆட்களை உட்காரவைத்து, கை படாமல் ஃபோனில் கதைக்கவிட்டு, கண் எங்கே பார்க்கிறது என்று அளந்தார்கள். வழியில் இருந்த விளம்பரப் பலகைகளைக் கண் நேராகப் பார்த்திருந்தது. ஆனால் பிறகு கேட்டால், கதைத்துக்கொண்டு ஓடியவர்களுக்குப் பார்த்த பலகைகளே ஞாபகத்தில் குறைவு. கண் பார்த்திருக்கிறது, ஆள் காணவில்லை. விபத்துக்குப் பிறகு எத்தனை பேர் "நான் காணவேயில்ல" என்று அழுதிருக்கிறார்கள்! பொய் சொல்கிறார்கள் என்று நாங்கள் ஏசியிருக்கிறோம். அவர்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மெசேஜ் என்றால் கண்ணும் போய்விடும். வேர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் லொறிகளுக்குள் கமெரா வைத்துப் பார்த்தபோது, மெசேஜ் அடிக்கிற சாரதியின் கண் ஆறு செக்கனில் 4.6 செக்கன் ரோட்டில் இல்லை என்று கண்டார்கள். முச்சக்கரவண்டிக்கு எங்கள் நாட்டில் உள்ள வேக எல்லை 40 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் போகும். 4.6 செக்கனில் ஐம்பது மீற்றர், கண்ணை மூடிக்கொண்டு போனமாதிரி. பள்ளிவாசல் வாசலிலிருந்து கடைத்தெரு வரைக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆட்டோ ஓடச் சொன்னால் யாரும் ஓடமாட்டார்கள்.

பக்கத்தில் இருக்கிறவரோடு கதைத்தால் மட்டும் பரவாயில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதே யூட்டா குழு 2008இல் இதையும் பார்த்தது. நெடுஞ்சாலையில் ஓடி, சொன்ன இடத்தில் வெளியே திரும்பி நிறுத்தவேண்டும். பக்கத்தில் நண்பரை வைத்துக் கதைத்தவர்களில் பெரும்பாலானோர் சரியாகத் திரும்பினார்கள். ஃபோனில் கதைத்தவர்களில் நிறையப் பேர் இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். காரணம் லேசானது. பக்கத்தில் இருக்கிறவருக்கு ரோடு தெரியும்.

இதைப் படித்தபோதுதான் எங்கள் ரோட்டை நினைத்துக்கொண்டேன். புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லுப் பக்கமாக எலுவன்குளம் போகிற ரோட்டில் மாலை மங்கியபிறகு ஓடியவர்களுக்குத் தெரியும். வில்பத்துக் காடு கிட்டத்தில். யானை ஓரத்தில் நின்றால் கறுப்புக்குள் கறுப்பாகத்தான் நிற்கும், லைட் பட்டாலும் உடனே பிடிபடாது. பின்சீட்டில் இருக்கிற பொண்டாட்டி அதைக் கண்டால் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டுத் தோளைப் பிடிப்பாள். குவைத்திலிருந்து இமோவில் கதைக்கிற மகனுக்கு யானை தெரியாது. மாடு குறுக்கே வந்தது தெரியாது. சேராக்குளிப் பக்கத்துப் பிள்ளைகள் சைக்கிளில் இரண்டு பேராய் வருவது தெரியாது. அறுவக்காட்டுப் பக்கம் போகிற கனரக லொறி எதிரே வருவது தெரியாது. அவன் பாட்டுக்கு, "வாப்பா, கேக்குதா? வாப்பா, அந்தக் காசு வந்திச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பாசத்தில்தான் கேட்கிறான். அந்தப் பாசம் ஓடுகிறவரின் மூளையில் பாதியைக் கொண்டுபோய்விடுகிறது.

கோல் வருகிற நேரத்தையும் கவனியுங்கள். குவைத், சவூதி, கட்டார் எல்லாம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே சுபஹ் தொழுதுவிட்டு, வேலைக்குப் போகுமுன் நாலரை மணிக்கு ஒருத்தன் வீட்டுக்குக் கோல் எடுத்தால், இங்கே காலை ஏழு. ஏழரைக்குப் பள்ளிக்கூடம் தொடங்கும். ஸ்கூல் வேனும், பிள்ளையைப் பின்னால் வைத்த மோட்டார் சைக்கிளும், ஆட்டோவும், மீன் ஏற்றுகிற வண்டியும் ஒரே ரோட்டில் முட்டிக்கொள்கிற அரை மணித்தியாலம் அது. அந்த நேரத்தைவிட்டால் அவனுக்கு இராத்திரிதான் ஃபோன் கையில் கிடைக்கும். அதனால் அடித்துக்கொண்டே இருப்பான், இவரும் எடுக்காமல் விடமாட்டார்.

அரபு நாடுகளில் ஹவுஸ் டிரைவராக இருந்துவிட்டு வந்த நானா ஒருவர் எங்களுக்குப் பழக்கம். "அங்க நாங்க ஸ்டியரிங்ல இரிக்கிற வரைக்கும் ஃபோனைத் தொடமாட்டோம் தம்பி" என்பார். பயமா என்று கேட்டால், "பயமில்ல, கணக்கு" என்று சொல்வார். கமெரா பிடித்தால் தண்டம் வரும், தப்பவே முடியாது, சம்பளத்தில் ஒரு பங்கு போய்விடும். 2025 ஏப்ரலில் குவைத்தில் புதுப் போக்குவரத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, கையில் ஃபோன் வைத்து ஓடுவதற்கான தண்டம் 5 தினாரிலிருந்து 75 தினாராக ஏறியது. வீட்டு வேலைக்காரர்களின் மாதச் சம்பளத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 800 திர்ஹமும் நாலு கறுப்புப் புள்ளிகளும். ஒன்ராறியோவில் 2019 முதல் காசோடு விடுவதில்லை: முதல் தடவை பிடிபட்டால் மூன்று நாள், இரண்டாம் தடவை ஏழு நாள், மூன்றாம் தடவை முப்பது நாள் லைசன் முடக்கம். வேலைக்குப் போக வண்டியை நம்பியிருக்கும் ஒரு நாட்டில் மூன்று நாள் என்பது மூன்று நாள் கூலி.

அதே நானா ஊருக்கு வந்து ஒரு ஆட்டோ வாங்கி ஓடினார். இங்கே ஃபோன் காதில்! அவரது குணம் மாறவில்லை, மூளை மாறவில்லை, ரோடுதான் மாறியது. புத்தளம் டவுணுக்குள் போனால் பொலிஸ் நிற்கும், ஃபோன் பொக்கெட்டுக்குள் போகும். டவுணைத் தாண்டினால் வெளியே வரும். கரைத்தீவு ரோட்டில் பிடிப்பதற்கு யார் நிற்கிறார்கள்? தண்டத்தை ஏற்றிக்கொண்டே போனாலும், பிடிபடமாட்டோம் என்று தெரிந்த ரோட்டில் அதற்குப் பெறுமதி இல்லை. 2025 ஜனவரியில் பொலிஸார் பொதுமக்களே வீடியோ எடுத்து அனுப்பக்கூடிய ஈ-ட்ராஃபிக் என்ற செயலியைக் கொண்டுவந்தார்கள். நல்ல முயற்சி. ஆனால் ஊருக்குள் எல்லோரும் எல்லோருக்கும் மச்சான், மாமா. யார் யாரைப் படம் பிடித்து அனுப்புவது?

அதனால் நான் சுற்றிச்சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறேன். கோல் எடுத்தவர்.

மீன் லொறிக்காரர்களைப் பாருங்கள். களப்பு இறால், நண்டு, கடல் மீன் எல்லாம் ஐஸ் பெட்டியில் ஏறி, சிலாபம், நீர்கொழும்பு தாண்டி, இராத்திரியோடு இராத்திரியாகப் பேலியகொடைக்குப் போகவேண்டும். சந்தை விலை மணிக்கு மணி மாறும். முதலாளி கோல் எடுப்பார்: எங்க வாறாய், எத்தன கிலோ, ஐஸ் காணுமா, அந்தாள் இன்ன விலை சொல்றான் நீ என்ன சொல்றாய். டிரைவர் பதில் சொல்லாவிட்டால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. நித்திரை முழித்து ஓடுகிற ஒரு மனிதனை, நூற்றுக்கு மேற்பட்ட கிலோமீற்றர் ரோட்டில், விலை பேச வைக்கிறோம். பிடிபட்டால் லைசன் டிரைவருடையது, தண்டம் டிரைவருடையது. அடிபட்டால் உயிரும் அவருடையது, அல்லது எதிரே வந்தவருடையது. முதலாளியின் பெயர் எந்தப் பத்திரத்திலும் வராது.

இது மாற்றமுடியாத விதி இல்லை. பிரித்தானியாவின் 2003ஆம் ஆண்டு ஒழுங்குவிதியிலேயே, இன்னொருவரை அப்படி ஓடவைப்பதும் ஓட அனுமதிப்பதும் குற்றம் என்று எழுதியிருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கையில் ஃபோனைப் பிடித்துப் பதில் சொல்லத்தான் வேண்டும் என்று ஆளை வைத்து வேலை வாங்குகிறவரும் மாட்டலாம். எங்கள் சட்டத்தைத் திருத்துகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம் வைக்க இடம் தந்தால், தண்டத்தை ஏற்றச் சொல்லமாட்டேன். இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வேன். பஸ் கம்பனிக்கும், கூலர் லொறி முதலாளிக்கும், சாமான் கொண்டுவந்து கொடுக்கிற கம்பனிகளுக்கும் அது பொருந்தவேண்டும். ஓடுகிற நேரத்தில் கோல் எடுத்திருக்கிறார்கள் என்பதை ஃபோன் பில்லே சொல்லும். ரொறன்ரோ ஆய்வாளர்கள் 1997இலேயே அந்தப் பில்லை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

காதில் புளூடூத் மாட்டிக்கொண்டால் தப்பு இல்லைதானே என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கை படாமல் குரலால் ஃபோனை இயக்கினாலும், அந்த வேலை முடிந்தபிறகும் கவனம் முழுசாகத் திரும்பி வர 27 செக்கன் வரை எடுக்கலாம் என்று 2015இல் ஸ்ட்ரேயர் குழு அளந்து சொன்னது. ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் அது முன்னூற்று எழுபது மீற்றருக்கு மேல். பொலிஸைக் கண்டு ஃபோனை வைத்தவர், பொலிஸைத் தாண்டியும் கொஞ்ச தூரம் ரோட்டில் இல்லை.

சட்டம் வரும்வரைக்கும் வீடுகளில் செய்யக்கூடியது இருக்கிறது. கோல் எடுத்ததும் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி "எங்க நிக்கிறீங்க?" என்பதுதான். அதற்குப் பதில் "வந்துட்டு இரிக்கன்" என்றால், அங்கேயே வைத்துவிடவேண்டும். "சரி, நிப்பாட்டிட்டு எடுங்க" என்று சொல்லிவிட்டு வைக்கலாம். கோபித்துக்கொண்டுதான் வைத்துவிட்டார் என்று அவர் நினைக்காதபடி முதலே சொல்லி வைத்துக்கொள்ளலாம். ஆட்டோவில் ஏறுகிற ராத்தாமார், உம்மாமார் வாய் திறந்து கேட்கலாம். பிள்ளையை அனுப்புகிற வேன்காரரிடம் கேட்பதற்கு எந்தத் தாய்க்கும் உரிமை இருக்கிறது, மாதக் காசு கொடுப்பது அவள்தானே. வெளிநாட்டில் இருக்கிற மகனிடம், காலை ஏழிலிருந்து எட்டு வரைக்கும் வாப்பாவுக்கு அடிக்காதே, உம்மாவுக்கு அடி என்று சொல்லலாம்.

இந்த நாட்டில் ரோட்டில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஏழு பேர் சாகிறார்கள். அதில் எத்தனை பேர் ஃபோனால் என்று எந்தப் பொலிஸ் அறிக்கையிலும் சரியாக வராது, வரவும் முடியாது. செத்தவரின் ஃபோனை யாரோ எடுத்துப் பொக்கெட்டில் போட்டு வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். "அதிவேகம்", "கவனக்குறைவு" என்று எழுதி முடித்துவிடுவார்கள். கடைசிக் கோல் எடுத்தவர் அதைப் பற்றி வாழ்நாள் முழுக்க யாரிடமும் கதைக்கமாட்டார். மையத்து வீடுகளில் அப்படி ஒதுங்கி நிற்கிற முகங்களை நான் கண்டிருக்கிறேன்.

ஹவுஸ் டிரைவர் நானாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குச் சொல்லி வேலயில்ல, என்ட பொஞ்சாதிக்கிட்ட சொல்லு. நாளைக்குப் பத்துத் தரம் அடிக்கிறது அவதான்" என்றார். சொன்னேன். இப்போது அவர் ஆட்டோ எடுக்கும்போது ஃபோன் அவரிடம் இல்லை, முன்பக்கத்து டப்பாவுக்குள் சத்தம் அடைத்துக் கிடக்கிறது. ஹயர் கேட்டு வருகிற கோல்களை ராத்தா வீட்டிலிருந்து தன் ஃபோனில் எடுக்கிறார், யார், எந்த இடம், எத்தனை மணி என்று கொப்பியில் எழுதி வைக்கிறார். நானா ஒரு ஹயர் முடிந்து ஆட்டோவை ஓரம்கட்டியதும், அவர்தான் ராத்தாவுக்குக் கோல் எடுக்கிறார்.